மூன்று ஆட்டங்களும் ஒரு கேப்டனும்: 2007 உலகக் கோப்பைத் தோல்விக்குத் திராவிட் எவ்வளவு பொறுப்பு?

ஆத்தூரிலிருந்து எழுதும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: 2007 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியதற்கு அப்போதைய கேப்டன் ராகுல் திராவிட்தான் காரணம் என்று அவருடைய சித்தப்பா இன்றுவரை சொல்லிவருகிறாராம். வங்கதேசத்துக்கு எதிராக டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது முதல் எல்லாமே தப்பு, அவர் நல்ல ஆட்டக்காரர், ஆனால் தலைமைக்கு லாயக்கில்லாதவர் என்பது சித்தப்பாவின் கட்சி. அப்போது நான்கு வயதுக் குழந்தையாக இருந்த நண்பர், இது சரிதானா என்றும், சரியில்லையென்றால் அதே ஆண்டில் திராவிட் ஏன் பதவியை விட்டு விலகினார் என்றும் கேட்கிறார். இதில் உண்மையில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. அந்தத் தோல்வியைக் கேப்டனின் முடிவுகள் எவ்வளவு தூரம் உண்டாக்கின என்பது ஒன்று. ஒரு மனிதரின் தலைமைத் திறமையை அந்தத் தொடரை வைத்து அளக்க முடியுமா என்பது மற்றொன்று. சித்தப்பா முதல் வினாவுக்குத் தமக்குத் தோன்றிய விடையை இரண்டாவது வினாவுக்கும் விடையாக எழுதிவிட்டார். அவர் மட்டுமில்லை, நாட்டில் பாதிப்பேர் அன்று அதைத்தான் செய்தார்கள்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவதில் கழிந்தன. ஆறு ஆண்டுகள் ஒரு சிறிய அணிக்குத் தலைமையும் தாங்கினேன். பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் இருபது ஓட்டங்கள் எடுத்தாலே அந்த வாரம் முழுவதும் மனைவியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் தரத்து ஆட்டக்காரன் நான். ஆகவே சர்வதேச அணியின் ஓய்வறைக்குள் நடந்ததைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. ஸ்கோர் அட்டை சொல்வதையும், எண்களிலிருந்து எதை முடிவுகட்டலாம், எதை முடிவுகட்டக் கூடாது என்பதையும் மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும்.

2007 மார்ச் 17 அன்று மேற்கிந்தியத் தீவுகளின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த வங்கதேச ஆட்டம் நம் நேரப்படி இரவு ஏழு மணிக்குத் தொடங்கியது. அப்போது நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தோம். எதிர்வீட்டு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் இரவு வேலை நடந்தது. பட்டறை வாசலில் ஒரு பழைய தொலைக்காட்சியை வைத்து, பற்றவைக்கிறவர்களும் மெருகு போடுகிறவர்களும் மாறி மாறி வந்து பார்த்துப் போனார்கள். இந்தியா 72 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்தது. பிறகு கங்குலியும் யுவராஜும் நிதானமாக 85 ஓட்டங்கள் சேர்த்து அணியை 157 வரை கொண்டுவந்தார்கள். அடுத்த இரண்டே ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் விழுந்தன. 157-க்கு 4 என்பது 159-க்கு 9 ஆயிற்று. ஜாகீர் கானும் முனாஃப் படேலும் கடைசி விக்கெட்டுக்குச் சேர்த்த 32 ஓட்டங்களின் புண்ணியத்தில் மொத்தம் 191 வந்தது. கங்குலி 66, யுவராஜ் 47. சேவாக், உத்தப்பா, டெண்டுல்கர், தோனி ஆகிய நால்வரில் ஒருவரும் இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. திராவிட் தாமும் 14 ஓட்டங்களுக்கு வீழ்ந்தார். தமீம் இக்பால், ஷாகிப் அல் ஹசன், முஷ்ஃபிகுர் ரஹீம் என்ற மூன்று இளைஞர்கள் ஆளுக்கு ஓர் அரைசதம் அடித்து, வங்கதேசத்தை 5 விக்கெட் வித்தியாசத்தில் கரை சேர்த்தபோது நமக்கு விடியற்காலை ஆகியிருந்தது. பட்டறைக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் கொலுசுகளை எடைபோட உட்கார்ந்தார்.

இப்போது சித்தப்பாவின் முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது தவறா? ஒரு முடிவைச் சரியா தவறா என்று சொல்ல வேண்டுமென்றால், முடிவெடுத்த நேரத்தில் அவர் கையில் இருந்த தகவல்களைக் கொண்டுதான் சொல்ல வேண்டும்; மாலையில் தெரியவந்ததைக் காலை முடிவின் மீது ஏற்றக் கூடாது. எனக்கு இது ஏற்காட்டில் விளங்கியது. ஒருமுறை அங்கே காலை ஒன்பது மணிக்கு எல்லைக்கோடே கண்ணுக்குத் தெரியாத மூடுபனியில் டாஸ் வென்று, பந்து ஈரத்தில் நன்றாக அசையும் என்று எண்ணிப் பந்துவீசத் தீர்மானித்தேன். கால்மணி நேரத்தில் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரணி நாற்பது ஓவரில் 230-ஐத் தாண்டியது. அன்று மாலை பேருந்து மலையிறங்கியபோது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு அர்ச்சனை நடந்தது. இன்று அதே பனியில் என்னை நிறுத்தினாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். அந்த மலையில் பனி விலகும் நேரத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

திராவிட் விஷயத்தில் இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. ஆறு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, அதே மைதானத்தில் இலங்கைக்கு எதிராக மீண்டும் டாஸை வென்ற அவர் இம்முறை பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். 2005-06 காலத்தில் இந்திய அணி தொடர்ந்து 17 ஒருநாள் ஆட்டங்களில் இலக்கைத் துரத்தி வென்றிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அவர் தலைமையில் கிடைத்தவை. அதாவது தம் அணியின் பழகிய பலத்தை நம்பித்தான் அன்று அவர் இரண்டாவதாக ஆடத் துணிந்தார். இலங்கை 254 எடுத்தது. இந்தியா 185-க்குச் சுருண்டு 69 ஓட்டங்களில் தோற்றது. முதலில் ஆடியும் தோல்வி, பின்னர் ஆடியும் தோல்வி என்னும்போது, பழியை டாஸ் முடிவின் மேல் போடுவது பொருந்தவில்லை. அந்த இரண்டாவது ஆட்டத்தில் இந்தியத் தரப்பில் அதிகமாக ஓட்டம் எடுத்தவர் யார் என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 60 ஓட்டங்கள் எடுத்த கேப்டன்தான் அவர். டெண்டுல்கரும் தோனியும் ஓட்டமின்றித் திரும்பினார்கள்.

அடுத்து, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி, தொடரின் அமைப்பு பற்றியது. 2007-இல் 16 அணிகள் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு அணிகள் மட்டுமே அடுத்த சுற்றான சூப்பர் எட்டுக்குச் செல்லும். ஆக ஓர் அணிக்கு முதல் சுற்றில் கிடைப்பது மூன்றே ஆட்டங்கள். அவற்றில் பெர்முடாவை நாம் 413 ஓட்டங்கள் குவித்து 257 ஓட்டங்களில் வென்றோம். அதைக் கணக்கில் சேர்ப்பது பெர்முடாவுக்கே கூச்சமாக இருக்கும். மிஞ்சியவை இரண்டு. ஒரு பேச்சுக்கு, வங்கதேசத்தை வெல்ல இந்தியாவுக்கு நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்றும், இலங்கையை வெல்லப் பாதிக்குப் பாதி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் தோற்கும் வாய்ப்பு 0.2-ஐ 0.5-ஆல் பெருக்கினால் வரும் 0.1, அதாவது பத்தில் ஒன்று. எந்தத் தவறும் செய்யாத கேப்டனிடம் அந்த அணியைக் கொடுத்துப் பத்து உலகக் கோப்பைகளுக்கு அனுப்பினாலும், சராசரியாக ஒரு முறை அவர் முதல் சுற்றோடு வீடு திரும்புவார். நான் வைத்துக்கொண்ட எண்பதையும் ஐம்பதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை சற்றே கூடும் அல்லது குறையும், ஆனால் பூஜ்யத்துக்கு அருகே போகாது. அதே மார்ச் 17 அன்று அயர்லாந்திடம் தோற்றுப் பாகிஸ்தானும் வெளியேறியது. இரண்டு பெரிய அணிகளின் கேப்டன்களும் ஒரே நாளில் மூளையைத் தொலைத்துவிட்டார்கள் என்று நம்புவதைவிட, அந்த அமைப்பில் சறுக்கலுக்கு மிகக் குறைவாகவே இடம் வைக்கப்பட்டிருந்தது என்று கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது.

நம்மை வென்றவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கை அந்தத் தொடரின் இறுதிப் போட்டிவரை சென்றது. வங்கதேசம் சூப்பர் எட்டில் தென்னாப்பிரிக்காவை 67 ஓட்டங்களில் தோற்கடித்தது. மார்ச் 17 காலையில் வங்கதேசத்தைச் சாதாரண அணி என்று நாம் எல்லோரும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்று தொடரே நிரூபித்தது. இலங்கையிடம் தோற்ற பிறகு, பெர்முடா வங்கதேசத்தை வீழ்த்தினால் நமக்கு வழி பிறக்கும் என்று சேலத்து டீக்கடைகளில் பெரியவர்கள் தாள் வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நானும் போட்டேன். புள்ளியியல் ஆசிரியன் செய்யக் கூடாத காரியம் அது.

அமைப்பு வேறாக இருந்தால் தீர்ப்பும் எப்படி மாறுகிறது என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உள்ளன. 2003 உலகக் கோப்பையின் தொடக்கத்தில் செஞ்சுரியனில் ஆஸ்திரேலியாவிடம் 125-க்குச் சுருண்டு இந்தியா தோற்றபோது, ஊரெங்கும் கொடும்பாவிகள் எரிந்தன. ஆனால் அந்தச் சுற்றில் ஆறு ஆட்டங்கள் இருந்தன. கங்குலியின் அணி அடுத்து வந்த எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று இறுதிப் போட்டிக்குப் போயிற்று. 2011-இல் தோனியின் அணி முதல் சுற்றில் இங்கிலாந்துடன் சமன் செய்து, தென்னாப்பிரிக்காவிடம் தோற்றும் கோப்பையை வென்றது. அங்கே முதல் சுற்றிலும் ஆறு ஆட்டங்கள். 1992-இல் இம்ரான் கானின் பாகிஸ்தான் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றிருந்தது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்டில் அறிமுகமான தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த இந்திய அணிக்கு இன்னும் மூன்று டெஸ்டுகள் மிச்சமிருந்தன, அதனால்தான் ரஹானே தலைமையில் தொடரை 2-1 என்று வெல்ல முடிந்தது, பிரிஸ்பேனில் நடராஜனும் மூன்று விக்கெட்டுகள் எடுக்க முடிந்தது. அடிலெய்டோடு தொடர் முடிந்திருந்தால் அந்த அணியைப் பற்றி நாம் எதை எழுதி வைத்திருப்போம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்னதால் திராவிடிடம் பிழையே இல்லை என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். என் கணிப்பில் வங்கதேச ஆட்டத்தில் உண்மையான குறை ஒன்று உண்டு, அது சித்தப்பா சொல்லாத குறை. அன்று வங்கதேசத்தின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களான ரஃபீக்கும் ரஸாக்கும் இருவருமாக ஆறு விக்கெட்டுகள் எடுத்தார்கள். ஷாகிப்பும் அதே வகைதான். மெதுவாக வரும் பந்துக்கு ஆடுகளம் துணை செய்தது. நாமோ முழுநேரச் சுழலுக்கு ஹர்பஜனை மட்டும் வைத்துக்கொண்டு, கும்ப்ளேவை வெளியே உட்காரவைத்திருந்தோம். ஆடுகளத்தைத் தவறாகக் கணித்த முடிவு அது. பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதில் கேப்டனுக்குப் பெரும் பங்கு உண்டென்பதால் பொறுப்பிலும் பங்கு உண்டு. டெண்டுல்கரை நான்காம் இடத்துக்கு இறக்கியதைப் பலர் பெருங்குற்றமாகப் பேசினார்கள். அதை நான் அவ்வளவு கடுமையாகப் பார்க்க மாட்டேன். உலகக் கோப்பைக்கு முன் ஜனவரி இறுதியில் வதோதராவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் அந்த இடத்தில் ஆடித்தான் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். சோதித்துப் பார்த்து, பலன் கண்டு, பிறகு எடுத்துச் சென்ற ஏற்பாடு அது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. 2006-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒருநாள் தொடரை 1-4 என்றும், ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் 0-4 என்றும் இழந்தோம். இடையில் நம் நாட்டிலேயே நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் அரையிறுதியைக்கூட எட்டவில்லை. உலகக் கோப்பைக்குச் சற்று முன் மேற்கிந்தியத் தீவுகளையும் இலங்கையையும் உள்ளூரில் வென்றதால் அந்தத் தோல்விகள் மறைந்துபோயின. யாராவது திராவிடைக் குறைகூற வந்தால், மூன்று ஆட்டங்களை விட்டுவிட்டு இந்த ஓராண்டுக் கணக்கைக் கொண்டுவரட்டும். அதற்கு நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் தலைமையேற்ற 79 ஒருநாள் ஆட்டங்களில் வெற்றி 42, தோல்வி 33. மகத்தான கணக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள், லாயக்கற்றவரின் கணக்கு என்றும் சொல்ல முடியாது.

பயிற்சியாளர் கிரெக் சாப்பலுக்கும் மூத்த வீரர்களுக்கும் இடையே இருந்த பிணக்கு தோல்விக்கு எவ்வளவு காரணம் என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. பிணக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை, பிற்பாடு பலர் வெளிப்படையாகவே பேசிவிட்டார்கள். ஆனால் மனக்கசப்பு ஒருவரை 157-க்கும் 159-க்கும் இடையில் ஆட்டமிழக்கச் செய்யுமா என்று கேட்டால், ஆம் என்று சொல்கிறவருக்கும் இல்லை என்று சொல்கிறவருக்கும் ஸ்கோர் அட்டையில் ஆதாரம் கிடையாது. அந்தச் சூழலில் இரு தரப்புக்கும் நடுவில் நின்ற கேப்டன் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்; அவர் இயல்பு அப்படிப்பட்டதில்லை. அந்த நாட்களில் தொடருக்கான வீரர்களைப் பொறுக்கும் தேர்வுக் குழுவில் கேப்டனுக்கு வாக்கு கிடையாது, கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். வீதியில் கல்லெறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடுகள் தெரிந்திருக்க நியாயமில்லை. ராஞ்சியில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே நாட்டு மக்கள் அவரைத் தோளில் சுமந்தார்கள்.

இரண்டாவது வினாவுக்கு, அதாவது அவர் தலைமைக்குத் தகுதியானவரா என்பதற்கு, நீண்ட ஆட்டத்தைப் பார்க்காமல் விடை சொல்லக் கூடாது. 25 டெஸ்டுகளில் தலைமை வகித்து 8 வெற்றி, 6 தோல்வி. எண்ணிக்கை சுமார்தான், ஆனால் அந்த எட்டு எங்கே கிடைத்தன என்று பாருங்கள். 1971-க்குப் பிறகு முதல் முறையாக 2006-இல் மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் தொடரை வென்றோம். அதே ஆண்டு டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி வந்தது. போர்ட் ஆஃப் ஸ்பெயின் அவமானத்துக்கு ஐந்து மாதங்களுக்குள், 2007 ஆகஸ்டில், இங்கிலாந்தில் 1-0 என்று தொடரை வென்றோம். 1986-க்குப் பிறகு அங்கே கிடைத்த முதல் தொடர் வெற்றி அதுதான். அந்தத் தொடரின் ஓவல் டெஸ்டில் 319 ஓட்டங்கள் முன்னிலை இருந்தும் எதிரணியை மறுபடி பேட்டிங் செய்ய அழைக்காமல் விட்டதற்காக அவரைத் திட்டினார்கள். அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது. நானும் சேர்ந்து திட்டினேன். தொடரில் முன்னிலையில் இருந்த அணியின் பாதுகாப்பை அவர் அளவுக்கு மீறி விரும்பினார் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு கேப்டனை விமர்சிப்பதென்றால் இப்படி, அவரே தெளிவாகத் தேர்ந்தெடுத்த ஒரு முடிவை எடுத்து வைத்து விமர்சிக்க வேண்டும்.

கடைசியாக, தவறில்லையென்றால் ஏன் விலகினார் என்ற கேள்வி. இதில் சித்தப்பாவின் நினைவு காலவரிசையைக் குழப்பியிருக்கிறது. உலகக் கோப்பை முடிந்து இந்தியா திரும்பியதும் அவர் பதவியைத் துறக்கவில்லை, யாரும் பறிக்கவுமில்லை. இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை வென்று, அடுத்து ஏழு ஆட்டங்கள் கொண்ட ஒருநாள் தொடரை 3-4 என்று நூலிழையில் இழந்து, நாடு திரும்பிய பிறகு செப்டம்பரில்தான் விலகினார். ஒருநாள் அணி தோனியிடமும், டெஸ்ட் அணி கும்ப்ளேவிடமும் சென்றன. டெஸ்ட் தொடர் வெற்றி கையில் இருந்தபோது எழுந்துபோன மனிதரைத் தோல்வி துரத்திவிட்டதாகச் சொல்வது தேதிகளோடு ஒத்துவரவில்லை. களைப்பா, கசப்பா, தம் பேட்டிங் மீதான கவலையா என்று அப்போது ஆளுக்கொன்று எழுதினார்கள். அவற்றில் எதையும் நான் உங்களுக்கு உண்மையென்று எடுத்துத் தர மாட்டேன். சித்தப்பாவிடம் ஆகஸ்ட் எது, செப்டம்பர் எது என்பதை மட்டும் காட்டுங்கள். அவர் ஓவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்த இடத்தில் நானும் அவர் பக்கம்தான் என்று சொல்லுங்கள்.